வாட்டர்மார்க் போட்ட ஆறு மாதம்

ஒரு சொல்லை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வாட்டர்மார்க் போடும் வேலை. என்னைப் போலக் கூச்சப்படுகிறவர்களுக்கென்றே யாரோ யோசித்து வைத்த தொழில்.

வேர்டு கோப்பில் ஒரு படத்தைக் கொஞ்சம் நகர்த்தப்போய், அடுத்த நாலு பக்கமும் இடம் மாறி, "நான் என்ன செஞ்சேன்?" என்று திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் மெயின்கார்டு கேட் பக்கம், ஒரு வளையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நிர்மலா மேடம் முதலாளி. ரஹீமா அக்கா டைப்பிங், பக்க வடிவமைப்பு, தேநீர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. மூன்றாவது ஆள் நான். ஊர்க்காரர்கள் கொடுக்கும் வேர்டு கோப்புகளில், எழுத்துக்குப் பின்னால் மங்கலாக 'நகல்' என்றோ, கடையின் பெயரோ, வாங்கியவரின் பெயரோ வரும்படி செய்ய வேண்டும். ஒரு கோப்பென்றால் கையாலேயே போட்டுவிடலாம். முன்னூறு கோப்பு, முன்னூறு பெயர் என்றால் புரோகிராம் எழுத வேண்டும். அதை எழுதத்தான் என்னை எடுத்தார்கள்.

எடுத்தார்கள் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டு வந்தால் நிரந்தரம் என்பது பேச்சு. வராவிட்டால் ஓசூரில் சித்தப்பாவின் கம்பெனியில் எனக்கொரு நாற்காலி காத்திருந்தது. எனக்கோ இந்த வேலை பிடித்துப்போயிருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு எழுதப்போகும் வரிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்கேயும் போக எனக்கு விருப்பமில்லை. முதல் மாத முடிவில் மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன் புரோகிராம் நல்லா ஓடுது நித்யா. ஆனா கஸ்டமர் வந்தா அதைவிட வேகமா நீ ஓடுற. மூணே பேர் இருக்கிற ஆபீஸ்ல ஒருத்தர் பேச மாட்டேன்னா எப்படிம்மா வெச்சுக்கிறது?"

முதல் பக்கத்தைத் தாண்டாதவர்கள்

வேலையில் சேர்ந்த புதிதில் வந்தவர் ஒரு பத்திர எழுத்தர். வாடகை ஒப்பந்தம், கிரய ஒப்பந்தம் என்று அவர் தயாரிக்கும் கோப்புகளைக் கட்சிக்காரர்களுக்குப் படிக்கக் கொடுக்கும்போது எல்லாப் பக்கத்திலும் 'மாதிரிப் படி' என்று வர வேண்டும். வேர்டில் வாட்டர்மார்க் குடியிருப்பது ஹெட்டரில், அதாவது பக்கத்தின் உச்சியில் பக்க எண் போடுகிற இடத்தில். அங்கே வைத்துவிட்டால் அது எல்லாப் பக்கத்துக்கும் தானாகப் போய்விடும் என்று படித்திருந்தேன். ஒரே ஓட்டத்தில் நாற்பது கோப்புக்கும் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அவர் மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டதுமே நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். ரஹீமா அக்காதான் எதிர்கொண்டார். விஷயம் இதுதான்: அவர் கோப்புகளில் 'முதல் பக்கத்துக்குத் தனி ஹெட்டர்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். அதனால் என் 'மாதிரிப் படி' இரண்டாம் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தது. முதல் பக்கம் துடைத்து வைத்தாற்போல வெறுமையாக இருந்தது. தண்ணீர்ப் பாட்டில் நிரம்பி வழிந்து கால் நனைகிறவரை நின்றபடி கேட்டேன், அவர் சத்தம்கூடப் போடவில்லை. "என் கட்சிக்காரங்க எவனும் இதுவரைக்கும் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிச்சதே இல்லம்மா. நீங்க போட்டிருக்கிறது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்!"

சாய்க்கவும் கூடாது

இன்னொருவர் எங்கள் தெருக்காரர். ஸ்ரீரங்கத்தில் உபன்யாசங்களுக்கு ஏற்பாடு செய்கிறவர். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் குறிப்புகளை அழகாக டைப் செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் பெருமாள் திருநாமம் மங்கலாகத் தெரிய வேண்டும் என்று அப்பா மூலமாகச் சொல்லி அனுப்பினார். நானும் ஆசையாகச் செய்தேன். வாட்டர்மார்க் என்றால் கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குச் சாய்வாக, சாம்பல் நிறத்தில் போவதுதான் வழக்கம். என் புரோகிராமும் வழக்கம் மாறாதது.

பிரதியை எடுத்துக்கொண்டு அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சொந்த வீட்டில் ஓடி ஒளிய இடமில்லை. காகிதத்தை என் முன்னால் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஏம்மா, நம்ம பெருமாள் சயனத்துல இருக்கிறவர்தான். அதுக்காக இப்படிச் சரிஞ்சா விழுந்துண்டிருப்பார்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததில் பேச்சும் கொஞ்சம் வந்தது. "நேரா வெச்சுடறேன் மாமா, ஒரு எண்ணை மாத்தினாப் போதும்" என்றேன். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, சாய்வைப் பூஜ்யமாக்கிக் காட்டினேன். பெருமாள் படுக்கை வசத்துக்கு வந்தார். அவர் முகம் மலர்ந்தது. உடனே மறுபடியும் சுருங்கியது. "இந்தச் சாம்பலையும் எடுத்துடு. அது மலைக்கோட்டைல இருக்கிற சிவனுக்கு. நம்மவருக்கு லேசா மஞ்சளாப் போட்டுக் குடும்மா, சாய்க்கவும் கூடாது, சாம்பல் பூசவும் கூடாது!"

மணப்பாறையிலிருந்து ஒரு போன்

மணப்பாறையில் முறுக்குச் சுடும் ஓர் அம்மாள், தன் விலைப்பட்டியலை வேறு யாரோ பெயரை மட்டும் மாற்றி ஊரெல்லாம் அனுப்புவதாகச் சொல்லி வந்தார். பட்டியலுக்குப் பின்னால் அவர் முறுக்கின் படமே வாட்டர்மார்க்காக இருக்க வேண்டும் என்றார். அதோடு நில்லாமல் ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கும் கொண்டுவந்தார். அதிலிருந்து பார்வைக்கு நன்றாக இருந்த ஒன்றை ரஹீமா அக்கா வெள்ளைத்தாள் மேல் வைத்துப் படமெடுத்தார். மற்றவை பார்வையோடு நிற்கவில்லை. வாட்டர்மார்க் ஆக வேண்டுமானால் படத்தை வெளுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே இருக்கும் எழுத்து தெரியாது. என் புரோகிராம் நன்றாகவே வெளுக்கவைத்தது.

நாலு நாள் கழித்து போன் அடித்தது. மேடம் வெளியே போயிருந்தார். ரஹீமா அக்கா தொழுகையில் இருந்தார். பத்து முறை அடித்து ஓய்ந்துவிடும் என்று நம்பினேன், பதினொன்றாவதும் அடித்தது. எடுத்தேன். என் "ஹலோ" எனக்கே கேட்கவில்லை. அந்தம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. "ஏம்மா பொண்ணு, முறுக்க வெளுக்க வெச்சு என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? திண்டுக்கல்லுலேருந்து ஒரு கடைக்காரர் போன் பண்ணி, 'நீங்க கொசுவத்தியும் போடுறீங்களாமே, பெட்டி என்ன விலை?'ன்னு கேக்குறாரு!"

நாலு கட்டம்

பாலக்கரையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பாய் ஒருவர், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் கடிதங்களை எங்களிடம் கொடுப்பார். அசலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, 'நகல்' என்று வாட்டர்மார்க் போட்ட கோப்பைத்தான் மின்னஞ்சலில் அனுப்புவார். இங்கே எங்கள் கணினியில் 'நகல்' மிக அழகாகத் தெரிந்தது. அங்கே திறந்த கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துகள் எல்லாம் வெற்றுக் கட்டங்களாகிவிட்டன. ஒரு பக்கத்துக்கு நாலு கட்டம்.

பாய் நேரில் வந்தார். அன்றைக்கு நான் ஓடவில்லை. ஓட எழுந்தேன், ரஹீமா அக்கா துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். எழுத்தாக வைத்தால் இப்படி ஆகும், இனிமேல் எழுத்தைப் படமாக மாற்றி வைக்கிறேன், எந்த ஊரில் திறந்தாலும் 'நகல்' என்றே தெரியும் என்று இரண்டு வாக்கியங்களில் சொன்னேன். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, விசைப்பலகையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டார். "மாஷா அல்லாஹ், நல்லா வெளங்குது. அடுத்த தடவை அப்படியே செய்யிம்மா. இந்தத் தடவைதான் அங்க தொறந்த ஆளு, கையெழுத்துப் போடுற எடம்னு நெனச்சு நாலு கட்டத்துலயும் போட்டு அனுப்பிட்டாரு!"

ஆளைப் பிடித்துவிட்டோம்

ஆறாவது மாதத்தின் கடைசி வாரம். இதுவரைக்கும் சொன்னவை எல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இது அப்படியல்ல.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் அரசுத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ராஜ்மோகன் சார், எங்கள் பெரிய வாடிக்கையாளர். அவருக்குச் சனிக்கிழமை ஒரு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பு. இரண்டு வகுப்புக்கும் ஒரே மாதிரித் தேர்வுதான். சனிக்கிழமை எழுதுகிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் வினாத்தாளை யாருக்கும் காட்டக் கூடாது என்பது விதி. யாரோ காட்டிக்கொண்டே இருந்தார்கள். அதனால் ஒவ்வொருவர் வினாத்தாளிலும் அவரவர் பெயரை வாட்டர்மார்க்காகப் போட்டுத் தரச் சொன்னார். அறுபத்திரண்டு பேர், அறுபத்திரண்டு கோப்பு. புரோகிராம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அவர் போன். மேடம் எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். "மேடம், உங்க வாட்டர்மார்க் வேலை செஞ்சிருச்சு! சனிக்கிழமை சாயங்காலமே ஒரு பக்கம் வாட்ஸ்அப் குரூப்ல வந்துருச்சு. பின்னாடி பளிச்சுன்னு பேரு, கவிதா. ஜீயபுரத்துப் பொண்ணு. 'நான் அனுப்பவே இல்ல சார்'னு சாதிக்குது. பேரே இருக்கையில என்ன பேச்சு? மூணு மணிக்கு அவங்க அப்பாவை வரச் சொல்லியிருக்கேன். கிளாஸை விட்டே அனுப்பிரப்போறேன்." மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை ஆறு மாதத்தில் எனக்கென்று நான் பார்த்ததில்லை. தஞ்சாவூரில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கக் கிளம்பியவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பேசலேன்னாலும் பரவாயில்ல போ, உன் வேலையே பேசிருச்சு. உன் பெர்மனென்ட் லெட்டரை இன்னைக்கே அடிச்சு வெச்சுடறேன்!"

கடைசிப் பக்கம்

ராஜ்மோகன் சார் அந்த வாட்ஸ்அப் படத்தை எங்களுக்கும் அனுப்பியிருந்தார். மற்ற வாடிக்கையாளர்களிடம் காட்டலாம் என்று ரஹீமா அக்கா அதைத் திரையில் பெரிதாக்கினார். வினாத்தாளின் நாலாவது பக்கம், கடைசிப் பக்கம். பெரிய அட்டவணை ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் பத்துக் கேள்விகள். அட்டவணை அகலமானது என்பதால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படுக்கை வசமாகத் திருப்பியிருந்தேன். பெயர் எவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது என்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவருடையதையும் பார்ப்போமே என்று அருண்குமார் என்பவரின் கோப்பைத் திறந்தேன். முதல் மூன்று பக்கத்தில் அருண்குமார். நாலாவது பக்கத்தில் கவிதா.

அடுத்த கோப்பு, பர்வீன். நாலாவது பக்கத்தில் கவிதா. அதற்கடுத்தது சதீஷ். கவிதா. பத்துக் கோப்பு திறந்தபின் நிறுத்திவிட்டேன். என்ன நடந்தது என்று புரிய அதிக நேரமாகவில்லை. வகுப்பில் சேர்ந்த வரிசையில் எழுதிய பட்டியலில் கவிதாவின் பெயர்தான் முதலாவது. அவள் பெயரை வைத்து மூலக் கோப்பிலேயே ஒரு சோதனை ஓட்டம் பார்த்திருந்தேன். அப்புறம் அந்தப் பெயரை அழித்தேன். ஆனால் படுக்கை வசமாகத் திருப்பிய பக்கத்துக்கு வேர்டு தனி ஹெட்டர் கொடுத்திருந்தது. அங்கே இருந்ததை அழிக்கவில்லை. என் புரோகிராமில் 'ஏற்கெனவே வாட்டர்மார்க் இருந்தால் மறுபடி போடாதே' என்று ஒரு வரி உண்டு. ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இருக்க நானே யோசித்து எழுதிய, எனக்கு மிகவும் பிடித்த வரி. அந்த வரி சொன்னபடி கேட்டு, அறுபத்திரண்டு கோப்பிலும் கடைசிப் பக்கத்தைத் தொடாமல் விட்டிருந்தது. நானும் அச்சுக்கு அனுப்புமுன் முதல் பக்கங்களை மட்டுமே புரட்டிப் பார்த்திருந்தேன்.

மணி இரண்டேகால். மேடத்தின் போன் அணைந்து கிடந்தது. ராஜ்மோகன் சாருக்கு அடித்தேன். அவர் "ஹலோ, சொல்லுங்க" என்றார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். "ஹலோ? ஹலோ? அப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். நான் சும்மா இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. என் லெட்டர் அன்றைக்கே தயாராகிவிடும் என்பதும் தெரிந்திருந்தது. எனக்கு முகம்கூடத் தெரியாத ஒரு பெண், செய்யாத ஒன்றுக்காக இன்னும் முக்கால் மணி நேரத்தில் தன் அப்பாவின் முன்னால் நிற்கப்போகிறாள் என்பதும் தெரிந்திருந்தது. மடிக்கணினியைப் பையில் போட்டேன். ரஹீமா அக்கா தடுக்கவில்லை, பையின் ஜிப்பை மூடிவிட்டார். "போன்லயே வாய் வரல, நேர்ல போய் என்னடி பண்ணப்போற? சரி போ, பேச்சு வரலேன்னா பேப்பரைக் காட்டு, அது பேசும்."

ஓட்டு போஸ்டர்

மெயின்கார்டு கேட்டிலிருந்து சத்திரத்துக்கு நடக்கும் தூரம்தான். பூக்கடை, பழக்கடை, ஹாரன் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்து ஒரு நல்ல வாக்கியம் தயார் செய்திருந்தேன். படியேறி அந்த அறைக்குள் போனதும் அது எங்கேயோ போய்விட்டது. ராஜ்மோகன் சார் மேசைக்குப் பின்னால். எதிரே நாற்காலியின் நுனியில் ஒருவர், சட்டைக் கையில் வாழைக் கறை. சுவரோரமாக ஒரு பெண் நின்றிருந்தாள், அழவில்லை. அழுது முடித்த முகம்.

"சார், நான் வாட்டர்மார்க் ஆபீஸ்லேருந்து வர்றேன். அது அவங்க தப்பில்ல. என் தப்பு" என்றேன். எங்கள் தெரு மாமாவைத் தவிர்த்தால், ஆறு மாதத்தில் ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் வாக்கியங்கள் அவைதான். ராஜ்மோகன் சாருக்குப் புரியவில்லை. தேர்வுக்கு வராதவர்களின் வினாத்தாள்கள் அவர் மேசையிலேயே கிடந்தன. எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கவிதா. அடுத்தது, கவிதா. அவரே மூன்றாவதை வெடுக்கென்று எடுத்துத் திருப்பினார். நாலாவதை மெதுவாகத் திருப்பினார். ஐந்தாவதைத் திருப்பவில்லை. எப்படி நடந்தது என்பதைச் சொன்னேன். மூலக் கோப்பு, தனி ஹெட்டர், எனக்குப் பிடித்த அந்த வரி, ஒன்றும் விடவில்லை. இடையில் குரல் இரண்டு முறை கம்மியது. அதைப் பொருட்படுத்தாமல் மேலே போனேன்.

"அப்ப அனுப்பினது யாரு?" என்றார் அவர். "தெரியாது சார். நான் பண்ணின தப்பால இனிமே கண்டுபிடிக்கவும் முடியாது" என்றேன். அவர் வினாத்தாள்களை மறுபடி அடுக்கினார். "ஏம்மா," என்று அந்தப் பெண் பக்கம் திரும்பினார், "எல்லார் பேப்பர்லயும் உன் பேரு இருந்திருக்கு. ஒருத்தருமா சொல்லல?" அவள் முதன்முறையாக வாய் திறந்தாள். "பர்வீன் கேட்டா சார், எனக்கு அப்பப் புரியல. கொஸ்டின் பேப்பர் தயார் பண்ண மேடம் பேரும் கவிதாவான்னு." நாற்காலி நுனியில் இருந்த அப்பாதான் முதலில் சிரித்தார். ராஜ்மோகன் சார் சிரிக்காமல் இருக்கப் பெரிய முயற்சி செய்தார். எழுந்து போய் அந்தப் பெண்ணிடம், "தப்பாப் பேசிட்டேம்மா, மனசுல வெச்சுக்காதே. சனிக்கிழமை வந்துரு" என்றார். பிறகு வினாத்தாள் கட்டை என் பக்கம் தள்ளினார். "நாலு தெருச் சுவர்ல ஒட்டினாப்புல எல்லாத்துலயும் ஒரே பேரு. இது வாட்டர்மார்க்காம்மா, ஓட்டு போஸ்டரா?"

பஸ் வரும்வரை

கீழே இறங்கி வந்து, பேருந்து நிலையத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜீயபுரம் பஸ்ஸுக்காக அவர்களும் அங்கேதான் வந்தார்கள். அப்பா எனக்கும் சேர்த்து மூன்று டீ சொன்னார். "வாழைத்தாரு வெட்டிக்கிட்டு இருந்தேன், அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன்மா. வழியெல்லாம் இது தப்பு பண்ணியிருக்காதுன்னு தெரியும், எப்படி எடுத்துச் சொல்றதுன்னுதான் தெரியல. நீ வந்து சொல்லிட்ட" என்றார். தப்பு செய்தவளுக்கு டீ வாங்கித் தருகிற மனிதரிடம் என்ன சொல்வது? "சாரிங்க" என்றேன். அதையே மூன்று முறை சொன்னேன்.

கவிதா டீயை ஊதிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் குடும்பத்தில் படித்துவிட்டு அரசு வேலைக்கு முயற்சி செய்கிற முதல் ஆள் தான்தான் என்றாள். இது இரண்டாவது முயற்சி என்றாள். முதல் முறை மூன்று கேள்வியில் போய்விட்டதாம். எனக்கு அவள் பெயரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது, அவளைப் பார்க்க இன்னும் வெட்கமாக இருந்தது. பஸ் வந்தது. அப்பா ஏறி சீட்டில் துண்டைப் போட்டுவிட்டார். அவள் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள். "அக்கா, அறுபத்திரண்டு பேப்பர்ல என் பேரு வந்திருச்சு. ரிசல்ட் லிஸ்ட்ல ஒரே ஒரு தடவை வந்தாப் போதும்!"

லெட்டர்

மறுநாள் நான் அலுவலகத்துக்கு வரும்போது மேடம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். ராஜ்மோகன் சார் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஓசூரில் இப்போது குளிராக இருக்குமா என்று யோசித்தபடி நின்றேன். "சனிக்கிழமை மறுபடி டெஸ்ட்டாம். அறுபத்திரண்டு பேப்பரையும் புதுசா போட்டுக் கொடுக்கணும்" என்றார். "சரி மேடம்." "ஒவ்வொரு பேப்பரும், ஒவ்வொரு பக்கமும் நீயே பாக்கணும்." "சரி மேடம்." "அவர் அடுத்த மாசத்து வேலையையும் நமக்கே கொடுத்திருக்கார். ஏன் தெரியுமா? 'தப்பு நடந்தா எல்லாரும் சொல்லாமலே இருந்திருவாங்க, உங்க பொண்ணு நடந்து வந்து சொல்லிச்சு'ன்னார். நான் ஆறு மாசமா பேசு பேசுன்னு உன்கிட்ட சொன்னது இதுக்கு இல்ல, தெரியும்ல?" தெரியும் என்று தலையாட்டினேன். வாயால் சொல்ல வேண்டும் என்று உறைத்து, "தெரியும் மேடம்" என்றேன்.

ரஹீமா அக்கா திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, எதுவும் டைப் செய்யாமலே விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். மேடம் தன் கணினியை என் பக்கம் திருப்பினார். என் பெயர் போட்ட லெட்டர். இன்று முதல் நிரந்தரம் என்று நேற்றே அடித்து வைத்தது. அதன் பின்னால் சாய்வாக, சாம்பல் நிறத்தில், 'வரைவு' என்று பெரிதாகப் போட்டிருந்தார். நேற்று இரவு போட்டாராம். போட்டுவிட்டு யோசித்தாராம். காலையில் யோசித்து முடித்தாராம். நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "ரெண்டு பக்க லெட்டர் அது. உக்காந்து அந்த 'வரைவு'ங்கறதை நீயே எடுத்துடு, ரெண்டாவது பக்கத்துலயும் போயிடுச்சான்னு பாத்துட்டு என்கிட்ட கையெழுத்துக்குக் கொண்டா!"

ஆகவே, வேர்டோடு மல்லுக்கட்டும் என் அருமைச் சொந்தக்காரர்களே, இந்தத் தொழிலில் பேர் போடுவதை இயந்திரமே செய்துவிடுகிறது. போட்டது யார் பேர் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பதற்கும், தப்பாகப் போயிருந்தால் நாலு தெரு நடந்து போய்ச் சொல்வதற்கும்தான் இன்னமும் ஆள் வேண்டியிருக்கிறது.